பழைய பேஜ்மேக்கர் சஞ்சிகையை இணையத்துக்கு ஏற்றிய வேலை: பெயரிடலும் சேர்த்தலும்

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டுக்கு மாற்றிவிட்டால் பழைய சஞ்சிகையை இணையத்தில் போட்டுவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். எழுத்துரு மாற்றம் கஷ்டமான வேலைதான், அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து வெளிவந்த ஒரு காலாண்டுச் சஞ்சிகையின் கோப்புகளை, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் செய்தவற்றை, இணையத்தளத்துக்கு மாற்றியபோது நேரத்தை விழுங்கியவை வேறு இரண்டு. எந்தக் கோப்பு எது என்று தெரியும்படி பெயர் வைப்பது ஒன்று. துண்டு துண்டாக வெளியே வரும் எழுத்தைத் திரும்பவும் ஒரே ஆக்கமாகச் சேர்ப்பது மற்றது. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மீதி வேலை தடையில்லாமல் ஓடும். அதனால் இந்தப் பதிவில் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

ஸ்கேன் செய்து பிடிஎப் ஆகப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நூலகம் என்ற இணைய ஆவணகம் 2005இல் இருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அப்படித்தான் பாதுகாத்து வருகிறது. அந்த வேலை இல்லையென்றால் பல இதழ்களின் அட்டையைக்கூட இன்று பார்க்க முடியாது. ஆனால் தட்டச்சு செய்த மூலக் கோப்பே கையில் இருக்கும்போது எழுத்தை எழுத்தாகவே கொண்டுவந்துவிடுவது நல்லது. கைபேசியில் படிக்கலாம், ஒரு பெயரைத் தேடினால் கிடைக்கும், பார்வையற்றவர்களுக்குக் கணினி வாசித்துச் சொல்லும்.

கையில் வந்தவை

ஆசிரியரிடம் இருந்தவை இறுவட்டுகள். கடற்கரைப் பக்க வீடு, உப்புக்காற்று. சிலவற்றின் பளபளப்பு ஓரத்தில் உரியத் தொடங்கியிருந்தது. இன்றைய மடிகணினிகளில் இறுவட்டு போடும் இடமே இல்லை என்பதால் யூனிட்டி பிளாசாவில் யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி, ஒவ்வொரு வட்டையும் முழுதாக வன்தட்டில் கொப்பி எடுத்தேன். வாசிக்க மறுத்த வட்டுகளுக்கு, பக்கம் அமைத்த அக்காவிடம் கொட்டாஞ்சேனையில் இன்னொரு பிரதி இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வட்டு எழுதி, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வது அவருடைய பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் சில இதழ்கள் இன்று இல்லை.

உள்ளே இருந்த பெயர்களைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். ‘நியூ’, ‘பைனல்’, ‘பைனல்2’, ‘கவர்லாஸ்ட்’, ‘ஆசிரியர்’, ‘கவிதை’. இதழ் எண்ணும் இல்லை, ஆண்டும் இல்லை. ஒரே பெயரில் நாலு இதழ்களில் நாலு கோப்பு. அக்காவிடம் கேட்டபோது அவர் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். “தம்பி, பைனல் எண்டு போட்டிருக்கிறது கடைசி இல்லை. ஆசிரியர் பார்த்திட்டுத் தந்த பிறகுதான் பைனல்2. அதுக்குப் பிறகும் திருத்தம் வந்தா ட்ரேசிங்கிலயே வெட்டி ஒட்டிப்போடுவன், பைல்ல திருத்த நேரம் இருக்காது.”

இந்தக் கடைசி வரி முக்கியம். அந்தக் காலத்தில் பக்கங்களை லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் தாளில் எடுத்து, அதிலிருந்து அச்சுத் தகடு செய்வார்கள். அவசரத் திருத்தம் தாளில் நடந்திருக்கும், கோப்பில் இருக்காது. ஆகவே எது சரி என்ற கேள்வி வந்தால் கோப்பை நம்ப முடியாது, அச்சான இதழ்தான் மூலம். இதை முதலிலேயே முடிவு செய்துகொண்டதால் பின்னால் வந்த பல குழப்பங்கள் தாமாகத் தீர்ந்தன. மேசையில் எப்போதும் இதழின் அச்சுப் பிரதி திறந்தபடி இருந்தது.

மூலக் கோப்புகளின் பெயரை மாற்றவே கூடாது என்பது அடுத்த முடிவு. பேஜ்மேக்கர் படங்களைத் தன்னுள் முழுதாக வைத்திருப்பது குறைவு. படம் எந்தக் கோப்புறையில் எந்தப் பெயரில் இருக்கிறது என்ற இணைப்பைத்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கும். பெயரை மாற்றினால் அது படத்தைக் காணாமல் தவிக்கும். அதனால் மூலம் மூலமாகவே கிடக்க, பக்கத்தில் ஒரு பதிவேடு தொடங்கினேன். எக்செல் தாள்தான். பழைய பெயர், எந்த வட்டு, கடைசியாகத் திருத்திய தேதி, எந்த இதழ், எந்தப் பக்கங்கள். தேதி பார்க்கும்போது ‘உருவாக்கிய தேதி’யைப் பார்க்க வேண்டாம். விண்டோஸில் கொப்பி எடுத்த அன்றே அது புதிதாகிவிடும். ‘திருத்திய தேதி’ மட்டுமே பழையபடி இருக்கும்.

பெயர் வைத்த விதம்

பெயரைத் தமிழில் வைக்கத்தான் முதலில் ஆசை. ‘கொழும்பு’ என்ற ஒரு சொல்லை எடுத்துப் பார்த்தால் ஏன் அது சரிவராது என்று விளங்கும். அதில் வரும் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறியை வைக்கலாம், அல்லது ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறிகளைத் தனித்தனியே வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக் கணினிகளில் முன்பு இருந்த எச்எப்எஸ் பிளஸ் என்ற கோப்புச் சேமிப்பு முறை, கோப்புப் பெயர்களை இரண்டாவது விதமாகப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸ் நாம் தட்டியபடியே வைத்திருக்கும். ஆசிரியரின் மகள் மேக்கில் பெயரிட்ட படத்தை, விண்டோஸில் எழுதிய பட்டியல் தேடும்போது ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றுதான் பதில் வரும். கண்ணெதிரே கோப்பு இருக்கும். இப்படிப்பட்ட பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

இணைய முகவரியில் இன்னொரு சிக்கல். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். முகவரிக்காகச் சதவீதக் குறிகளோடு எழுதும்போது அது 9 எழுத்தாக நீளும். ‘கொழும்பு’ என்ற ஒரு சொல்லே 72 எழுத்து. எங்கள் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. அப்படியானால் தமிழில் 22 குறிகள். இரண்டு மூன்று சொல்லிலேயே அறுந்துவிடும்.

ஆகவே எண்கள். ஒவ்வொரு ஆக்கத்துக்கும் மூன்று பகுதியில் ஓர் எண் கொடுத்தேன். இதழ் எண், ஆக்கம் தொடங்கும் அச்சுப் பக்கம், அந்தப் பக்கத்தில் அது எத்தனையாவது. 17ஆம் இதழின் 34ஆம் பக்கத்தில் தொடங்கும் முதல் ஆக்கம் 017-034-1. அதே பக்கத்தின் அடியில் ஒரு குட்டிக் கவிதை இருந்தால் 017-034-2. முன்னால் பூச்சியம் போட்டு மூன்று இலக்கமாக்குவது வெறும் அழகுக்கு இல்லை. போடாவிட்டால் பல நிரல்கள் 1, 10, 11, 2 என்றுதான் வரிசைப்படுத்தும், பத்தாம் பக்கம் இரண்டாம் பக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

இதழ் எண்ணுக்குப் பதிலாக ஆண்டும் மாதமும் வைக்கலாமே என்றும் யோசித்தேன். ஆனால் காலாண்டுச் சஞ்சிகை என்பது காகிதத்தில்தான். ‘ஏப்ரல் – ஜூன்’ என்று அட்டையில் இருக்கும், இதழ் ஆகஸ்டில் வந்திருக்கும். இரண்டு காலாண்டைச் சேர்த்து ஒரே இதழாக வந்த வருடங்களும் உண்டு. இதழ் எண் மட்டும் தவறாமல் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போனது. இரட்டை இதழ்களுக்கு முதல் எண்ணை வைத்துக்கொண்டு மற்றதைப் பதிவேட்டில் குறித்தேன்.

ஓர் ஆக்கத்துக்குள் இருக்கும் துண்டுகளுக்கு நாலாவதாக ஓர் எண். தலைப்பு 10, எழுதியவர் பெயர் 20, உடல் 30, பெட்டிச் செய்தி 40, படக் குறிப்பு 50. பத்துப் பத்தாக விட்டதற்குக் காரணம், இடையில் எதையாவது நுழைக்க வேண்டி வரும் என்பதுதான். உபதலைப்பு வந்தால் 15, உடல் இரண்டாகப் பிரிந்திருந்தால் 30, 31. பழைய பேசிக் நிரல் எழுதியவர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும்.

கோப்பைத் திறப்பதும் எழுத்தை எடுப்பதும்

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அதற்குப் பிறகு அதைத் தயாரித்த அடோபி, அந்த வேலையைத் தன் புதிய பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனிடம் விட்டுவிட்டது. இன்டிசைனிலும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி 2012இல் வந்த சிஎஸ்6 வரைக்கும்தான். அதுவும் பேஜ்மேக்கர் 6.0 அல்லது அதற்குப் பிந்திய கோப்பென்றால் மட்டும். எங்களிடம் இருந்ததில் பெரும்பகுதி 6.5, சிஎஸ்6 அதைத் திறந்துவிட்டது. முதல் சில இதழ்கள் 5.0இல் செய்தவை. அவற்றுக்கு, விண்டோஸ் எக்ஸ்பியை மெய்நிகர் கணினியாக ஓட்டி, அதற்குள் பேஜ்மேக்கர் 7ஐப் போட்டு, திறந்து, புதிய வடிவில் சேமித்து, பிறகு இன்டிசைனுக்குக் கொண்டுவந்தேன். படங்கள் இடம் மாறும், வரிகள் வேறு இடத்தில் முறியும். நமக்கு வேண்டியது எழுத்து மட்டும் என்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை.

பேஜ்மேக்கரிலும் இன்டிசைனிலும் ஒன்றோடொன்று தொடுத்த சட்டங்களில், அதாவது பக்கத்தில் எழுத்து நிற்கும் பெட்டிகளில், ஓடும் எழுத்தை ‘ஸ்டோரி’ என்பார்கள். பக்கத்தைப் பார்க்கும் வாசகருக்கு அது ஒரு கட்டுரை. கோப்புக்குள் பார்த்தால் தலைப்பு ஒரு ஸ்டோரி, எழுதியவர் பெயர் ஒன்று, உடல் ஒன்று, படக் குறிப்பு ஒவ்வொன்றும் ஒன்று. இன்டிசைனோடு வரும் ஸ்க்ரிப்ட் எனப்படும் மாதிரிச் சிறு நிரல்களில் எல்லா ஸ்டோரிகளையும் ஒரே தடவையில் ஒரு கோப்புறைக்குள் ஏற்றுமதி செய்ய ஒன்று இருக்கிறது. அருமையான சாமான். ஆனால் அது வைக்கும் பெயர் ‘ஸ்டோரி ஐடி’ என்ற சொல்லும் அதன் பின் ஓர் உள் எண்ணும்தான். அந்த எண்ணுக்கும் பக்க வரிசைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 64 பக்க இதழில் இருந்து நூற்றுக்கணக்கில் கோப்பு கொட்டும். அதில் பாதிக்கு மேல் பக்கத் தலையில் வரும் சஞ்சிகைப் பெயர், பக்க எண், ‘தொடர்ச்சி’ வரிகள்.

இந்த இடத்தில் ஸ்க்ரிப்டைக் கொஞ்சம் மாற்றினேன். ஒவ்வொரு ஸ்டோரியின் முதல் சட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, பக்கத்தின் மேலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் தொடங்குகிறது என்ற இரண்டையும் கோப்புப் பெயரின் முன்னால் சேர்க்கும்படி. ஜாவாஸ்க்ரிப்ட் கொஞ்சம் தெரிந்தால் சில வரி வேலை. இப்போது கோப்புறையைப் பெயர் வரிசையில் பார்த்தால், பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிப்பது போலத் துண்டுகள் வரிசையாக நிற்கும். அச்சு இதழை ஒரு கையால் புரட்டிக்கொண்டு, பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் அதன் எண்ணை எழுதிக்கொண்டே போகலாம்.

எந்தப் பக்கத்திலும் சேராத ஸ்டோரிகளும் வந்தன. பக்கத்துக்கு வெளியே, மேசைப் பரப்பில் ஒதுக்கி வைத்தவை. வெட்டிய பந்திகள், ஆசிரியரின் குறிப்புகள், யாரோ ஒருவரின் தொலைபேசி எண். இவை அச்சுக்குப் போகாதவை, ஆகவே இணையத்துக்கும் போகக்கூடாது. ஸ்க்ரிப்ட் அவற்றைத் தனிக் கோப்புறைக்குள் தள்ளிவிடும்படி செய்தேன். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் ஒருவருடைய தனிப்பட்ட விஷயம் கூகுளில் வந்து நிற்கும்.

பக்க எண்ணிலும் ஒரு பொறி உண்டு. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு தாளாக ஓடுவதால், அக்காவும் இதழை 16 பக்கம் கொண்ட தனித்தனிக் கோப்புகளாகவே அமைத்திருந்தார். ஒவ்வொரு கோப்பும் 1இல் இருந்து தொடங்கும். மூன்றாவது கோப்பின் 2ஆம் பக்கம் என்பது அச்சில் 34ஆம் பக்கம். பதிவேட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ‘எத்தனை கூட்ட வேண்டும்’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்தேன். மூன்றாவதற்கு 32, நாலாவதற்கு 48.

ஒரு கட்டுரையை ஒட்டியது

017-034-1 என்ற ஆக்கத்தைக் காட்டினால் சேர்க்கும் வேலை எப்படிப்பட்டது என்று விளங்கும். தோட்டப் பாடசாலைகள் பற்றிய நீண்ட கட்டுரை. 34ஆம் பக்கத்தில் தொடங்கி 37 வரை வந்து, இடம் போதாமல் 61ஆம் பக்கத்தில் முடிகிறது. 34 மூன்றாவது கோப்பில், 61 நாலாவது கோப்பில். இரண்டு தனிக் கோப்புகளுக்கு நடுவே பேஜ்மேக்கரில் ஸ்டோரியைத் தொடுக்க முடியாது. அதனால் அக்கா மீதி எழுத்தை வெட்டி மற்றக் கோப்பில் ஒட்டியிருக்கிறார். கணினியின் கணக்கில் இவை சம்பந்தமில்லாத இரண்டு ஸ்டோரி. பெயர் வைத்த பிறகு ஒன்று 30, மற்றது 31.

வெட்டிய இடம் ஒரு பந்தியின் முடிவில் இல்லை, ஒரு சொல்லின் நடுவில். 37ஆம் பக்கத்தின் கடைசி வரியில் ‘பாடசா’ என்று நிற்கிறது, 61இல் ‘லைகளில்’ என்று தொடங்குகிறது. நடுவில் ‘61ஆம் பக்கம் பார்க்க’, ‘37ஆம் பக்கத் தொடர்ச்சி’ என்று இரண்டு வரி. கண்ணை மூடிக்கொண்டு கோப்புகளை ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டினால் ‘பாடசா’ ஒரு பந்தியாகவும் ‘லைகளில்’ இன்னொரு பந்தியாகவும் போகும். படிப்பவர் ஒருவாறு விளங்கிக்கொள்வார். தேடலில் மட்டும் அந்தச் சொல் என்றைக்கும் கிடைக்காது.

இதற்கு முழுத் தானியங்கி வழி இல்லை என்பது என் முடிவு. ஒட்டும் நிரல் 30இன் கடைசி எழுத்தைப் பார்க்கும். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள் என்றால் புதிய பந்தியாக ஒட்டும். வேறு எதுவாக இருந்தாலும் ஒட்டாமல் நிறுத்தி, இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். சேர்த்து எழுதவா, இடைவெளி விடவா என்று நான் ஒரு விசையைத் தட்டுவேன். தமிழில் இதை ஆள்தான் தீர்மானிக்க வேண்டும். ‘அவர்’ என்று ஒரு முனையும் ‘கள்’ என்று மற்ற முனையும் வந்தால் அது ‘அவர்கள்’ ஆகவும் இருக்கலாம், அவர் குடித்த கள்ளாகவும் இருக்கலாம்.

அந்தக் கட்டுரையின் தலைப்பு ஸ்டோரியாகவே வரவில்லை. கோரல்ட்ரோ என்ற வரைகலை மென்பொருளில் நிழலோடு வரைந்து படமாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துத் தலைப்புகளில் பல அப்படித்தான். இதனால்தான் 10 என்ற எண்ணுக்கு மதிப்பு வருகிறது. 30 இருந்து 10 இல்லாவிட்டால் நிரல் ‘தலைப்பு இல்லை’ என்று பட்டியல் போடும், இதழைப் பார்த்துக் கையால் தட்டவேண்டியதுதான். எண்ணில்லாமல் எழுத்தை மட்டும் ஒட்டிக்கொண்டு போயிருந்தால் எத்தனை கட்டுரைகள் தலையில்லாமல் போயிருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கவிதைக்கு வேறு விதி. உரைநடையில் வரி முறிவு வெறும் இடப் பிரச்சினை, கவிதையில் அது கவிஞருடையது. பதிவேட்டில் ‘வகை’ என்ற நெடுவரிசையில் கவிதை என்று இருந்தால் நிரல் ஒரு முறிவையும் தொடாது. இரண்டு பத்தியாக அமைத்த கவிதைகளில் இடப்பக்கம் முழுதும் படித்துவிட்டு வலப்பக்கம் போவதா, குறுக்கே படிப்பதா என்பது சட்டங்களின் இடத்தை வைத்துத் தெரியாது. அவற்றை ஒவ்வொன்றாக நான் படித்தே வரிசைப்படுத்தினேன். சந்தேகம் வந்தவற்றை ஆசிரியர் எழுதியவரிடமே கேட்டுச் சொன்னார்.

பாமினி

சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் யூனிகோட் ஆக்கிவிட்டேன். வரிசை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். வெறும் எழுத்தாக ஒட்டிய பிறகு மாற்றினால், எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. டைம்ஸ் எழுத்துருவில் ஆங்கிலத்தில் ‘கொலம்போ’ என்று அடித்திருந்ததும், பாமினியில் தமிழ் அடித்ததும், எழுத்துருவை நீக்கிவிட்டால் ஒரே சாதி எழுத்துத்தான். மாற்றும் நிரல் அதையும் தமிழாக்கி ‘ஊழடழஅடிழ’ என்று தரும். இணைய முகவரியின் தொடக்கம் ‘றறற’ ஆகும், முடிவு ‘உழஅ’ ஆகும். 50% என்பது ‘50மூ’ ஆகும். சதவீதக் குறி இருக்கும் இடத்தில்தான் பாமினியில் மூ இருக்கிறது. கமாவின் இடத்தில் ‘இ’ இருப்பதால் ‘2003, 2004’ என்பது ‘2003இ 2004’ ஆகிவிடும். இலங்கைத் தமிழ்த் தளங்களில் இந்த அனாதை ‘இ’யைப் பார்க்காதவர்கள் குறைவு.

ஆகவே வெறும் எழுத்தாக எடுக்காமல் ஆர்டிஎப் ஆக ஏற்றுமதி செய்தேன். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். பைதன் நிரல்மொழியில் எழுதிய சிறிய நிரல், பாமினி என்று குறித்த பகுதிகளை மட்டும் மாற்றும், டைம்ஸை அப்படியே விடும். இன்டிசைனில் ‘எழுத்துருவைத் தேடு’ என்ற இடத்தில் கோப்பில் உள்ள எல்லா எழுத்துருக்களும் பட்டியலாக வரும். அதைப் பார்த்து, எந்தப் பெயர் பாமினி அமைப்பு, எது ஆங்கிலம், எது சிங்களம் என்று முதலில் ஓர் அட்டவணை போட்டுக்கொண்டேன். வேறு பெயரோடு பாமினியின் அதே விசை அமைப்பில் வரும் அலங்கார எழுத்துருக்கள் நிறைய. சிங்கள மேற்கோள்கள் எப்எம் அபயா என்ற சிங்கள எழுத்துருவில் இருந்தன. அவற்றைத் தனியாக மாற்றி, சிங்களம் நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தேன்.

மாற்றும் அட்டவணையில் வரிசை முக்கியம். ‘தூ’ பாமினியில் இரண்டு விசை, ‘து’வும் காலும். நீளமானதை முதலில் மாற்றாமல் ‘து’வை முதலில் மாற்றினால் ‘துா’ என்று வந்து நிற்கும். ‘தூரம்’ என்று தேடுபவருக்கு அது அகப்படாது. ‘கௌரவம்’ இன்னும் சிக்கல். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசைதான். ‘ெ’, மெய், ‘ள’ என்று வரிசையாக வந்தால் அது கௌவா, கெளவா என்று நிரலுக்குத் தெரியாது. ‘கௌரவம்’, ‘மௌனம்’, ‘சௌகரியம்’, ‘பௌத்தம்’ போல ஔகாரம் வரும் சொற்களின் தொடக்கத்தைப் பட்டியலாகக் கொடுத்தேன். பட்டியலில் இல்லாதது வந்தால் நிறுத்திக் கேட்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கோப்பையும் என்எப்சி என்ற யூனிகோட் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். முன்னால் சொன்ன ‘கொ’ அப்போதுதான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். கவனிக்க: இது ‘ெ’யையும் ‘ா’வையும் சேர்த்து ‘ொ’ ஆக்கும், ஆனால் ‘கெள’வைக் ‘கௌ’ ஆக்காது. அது நம் வேலை.

ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இரண்டு சாமான்களையும் களைய வேண்டும். விண்டோஸில் யூடிஎப்-8 ஆகச் சேமிக்கும் சில மென்பொருட்கள் கோப்பின் தலையில் பொம் எனப்படும் ஓர் அடையாளக் குறியை வைக்கும். நாலு கோப்பை ஒட்டினால் நடுவில் மூன்று பொம் மாட்டிக்கொள்ளும். கட்டளைச் சாளரத்தில் கொப்பி கட்டளையால் பைனரி முறை சொல்லாமல் ஒட்டினால் கடைசியில் ஒரு கோப்பு முடிவுக் குறி சேரும். தளத்துக்கு ஏற்றப் பயன்படும் எக்ஸ்எம்எல் கோப்பு வடிவில் அந்தக் குறிக்கு இடமே இல்லை, ஒன்றே ஒன்று இருந்தாலும் முழு இறக்குமதியும் அந்த வரியோடு நின்றுவிடும்.

இறக்குமதி

வேர்ட்பிரஸின் சொந்த எக்ஸ்எம்எல் வடிவில் ஒவ்வோர் இதழையும் ஒரு கோப்பாக்கினேன். பதிவின் முகவரிப் பெயர் ஆக்கத்தின் எண்ணேதான், 017-034-1. தலைப்பைப் பின்னால் திருத்தினாலும் முகவரி மாறாது. நூலாசிரியர் ஒருவர் தன் கட்டுரையை மேற்கோள் காட்டினால் பக்க எண்ணும் அதிலேயே இருக்கிறது.

அந்த இறக்குமதிக் கருவி, ஒரே தலைப்பும் ஒரே தேதி நேரமும் உள்ள பதிவு ஏற்கெனவே இருந்தால் ‘இது இருக்கிறது’ என்று தாண்டிப் போய்விடும். ஓர் இதழின் எல்லா ஆக்கங்களுக்கும் ஒரே தேதி. அதே இதழில் ‘இரண்டு கவிதைகள்’ என்ற தலைப்பில் இருவர் எழுதியிருந்தால் இரண்டாமவர் சத்தமில்லாமல் விடுபடுவார். அதனால் பக்க எண்ணையே நேரமாக்கினேன். 34ஆம் பக்கம் 00:34, 61ஆம் பக்கம் 01:01, அந்தப் பக்கத்தில் எத்தனையாவது என்பது வினாடி. தளத்தில் நேர வரிசையில் காட்டச் சொன்னால் ஆக்கங்கள் அச்சுப் பக்க வரிசையிலேயே வருகின்றன.

எழுதியவர்களின் பெயரை ஒருமைப்படுத்தும்போது நிதானம் வேண்டும். ஒரே ஆள் ஓர் இதழில் முதலெழுத்தோடும் மற்றதில் முதலெழுத்தில்லாமலும் வருவார், புள்ளிக்குப் பின் இடைவெளி ஓர் இடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இராது. பக்கத்தில் அச்சான வடிவத்தையே வைத்து, பின்னால் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுத்து இணைத்தேன். புனைபெயர்களை மட்டும் இணைக்கவில்லை. யார் யார் என்று எங்கள் வட்டத்தில் தெரிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒருவர் ஒளிந்திருந்த காலம் எப்படிப்பட்டதென்று எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் தானே சம்மதித்தால் மட்டும் சேர்ப்பது என்று ஆசிரியரும் நானும் முடிவு செய்தோம்.

ஏற்றிய பிறகு ஒப்புநோக்கியது பெரும்பாலும் அக்காதான். ஒரு பக்கம் அச்சு இதழ், மறுபக்கம் திரை. ட்ரேசிங்கில் வெட்டி ஒட்டிய திருத்தங்கள் எங்கே என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பக்கத்தைக் காட்டி, “இந்த வரியைப் பாருங்கோ, எழுத்து ஒரு நூல் சரிஞ்சிருக்கு, இது ஒட்டினது” என்றார். கோப்பில் அந்த வரி வேறாகத்தான் இருந்தது. அச்சில் உள்ளபடி திருத்தினோம்.

கோப்பே கிடைக்காத சில இதழ்கள் மீதி இருக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும், அதற்கும் இதே எண் முறைதான். இப்போது வரும் புதிய இதழை அக்கா இன்டிசைனில் யூனிகோடிலேயே அமைக்கிறார். கோப்புப் பெயரில் இதழ் எண்ணும் முதல் பக்கமும் முதல் நாளே போட்டுவிடுகிறார். தலைப்பு, பெயர், உடல், பெட்டி ஆகியவற்றுக்கான பந்திப் பாணிகளுக்கு 10, 20, 30, 40 என்றே பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த இதழ் அச்சுக்குப் போனதும் அந்தப் பாணிகளை வைத்தே நேராக எக்ஸ்எம்எல் எடுத்துப் பார்க்கப் போகிறோம்.